ரூட், அரகன்ட், ஆட்டிட்யூட்

அபார்ட்மென்ட் மேனேஜர் என்றால் லிஃப்ட், டேங்கர் தண்ணீர், ஜெனரேட்டர் என்று நினைப்பீர்கள். அதெல்லாம் சும்மா இருக்கும்போது செய்வது, முழுநேர வேலை இங்கிலீஷ் வசவு படிப்பதுதான். ஆஸ்டின் டவுன் வீட்டிலிருந்து பஸ் மாறி வந்து பையைக் கழற்றி வைப்பதற்குள் குடியிருப்பவர்கள் போனில் எழுதும் கேட் ஆப்பில் புகார்கள் வரிசை கட்டி நிற்கும். புகார் மேஜையில் மாட்டிக்கொண்ட சகபாவிகளே, உங்களுக்கும் இதே கதிதானே? என்ன நடந்தது என்று ஒருத்தர் எழுத மாட்டார். எதிராளி எப்பேர்ப்பட்ட மோசமான பிறவி என்பதை மட்டும் விதவிதமாக எழுதுவார்.

டிஸ்கஸ்டிங்

ஐந்தாம் மாடி ஐ.டி. சார் ஒரு நாள் காலை எழுதியிருந்தார்: வராந்தாவில் ‘டிஸ்கஸ்டிங், அன்பேரபிள், ஒஃபென்சிவ்’ நாற்றமாம். பிளம்பரைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். சாக்கடைக் குழாய், குப்பைத் தொட்டி, பக்கத்து வீட்டுச் சமையலறை என்று எல்லா இடத்திலும் மோப்பம் பிடித்தோம். பக்கத்து வீட்டம்மாவுக்கு என் மேல் கோபமே வந்துவிட்டது. கடைசியில் நாற்றம் வந்தது சார் வீட்டு வாசலில் இருந்த செருப்பு ஸ்டாண்டிலிருந்து. மழையில் நனைந்த அவருடைய ஜாகிங் ஷூ, ஈரத்தோடு அப்படியே கிடந்தது.

எடுத்துக் காட்டினேன். மனுஷர் துளிகூட அசரவில்லை. “என்னோடதுதானா? அப்போ ‘டிஸ்கஸ்டிங்’கை எடுத்துட்டு ‘கொஞ்சம் ஸ்ட்ராங்’னு மாத்திடுங்க” என்றார்.

கிரீப்பி

கேட்டில் நிற்கும் மஞ்சுநாத் ஸ்டிக்கர் இல்லாத காரை நிறுத்தினான். அதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். கார்க்காரர் அவனை ‘அரகன்ட்’ என்று எழுதிவிட்டார். என்ன சார் செய்தான் என்று கேட்டால், நிறுத்தியது தப்பில்லை, சிரிக்காமல் நிறுத்தினான் என்கிறார். சரி, முகத்தைக் கொஞ்சம் நல்லபடியாக வைத்துக்கொள்ளப்பா என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் வேறொரு வீட்டிலிருந்து புகார்: உங்கள் செக்யூரிட்டி எங்களைப் பார்த்துச் சிரிக்கிறான், ‘கிரீப்பி’.

அவனைக் கூப்பிட்டு இரண்டு புகாரையும் படித்துக் காட்டினேன். அவன் கன்னடம் கலந்த தமிழில் சொன்னான்: “எந்த வீட்டுக்கு சிரிக்கணும், எந்த வீட்டுக்கு சிரிக்க பேடான்னு கேட்ல எழுதி ஒட்டிடுங்க மேடம்.”

ஆட்டிட்யூட்

இதுவரை சொன்னதற்கெல்லாம் சிரிக்கலாம். கலா விஷயத்தில் அது முடியவில்லை. மர்பி டவுனிலிருந்து வருகிறவள். எங்கள் அபார்ட்மென்டில் நாலு வீட்டில் வேலை, அதுதான் மொத்த வருமானம். ஒரு காலை மஞ்சுநாத் அவளைக் கேட்டிலேயே நிறுத்தவேண்டியதாயிற்று. அந்த நாலில் ஒரு வீட்டு மேடம் ஆப்பில் ஒற்றை ஸ்டார் போட்டு, ‘இன்சொலன்ட், ரூட், ஆட்டிட்யூட் பிராப்ளம்’ என்று எழுதியிருந்தார். நடத்தை சரியில்லை என்று புகார் வந்தால், விசாரணை முடியும்வரை உள்ளே விடக்கூடாது என்பது சங்கத்துச் செயலாளர் போட்ட சட்டம். ஒரு வீடு எழுதினால் நாலு வீடும் போச்சு.

மேடத்திடம் போனேன். கோயமுத்தூர்ப் பக்கம், சாஃப்ட்வேர் வேலை. என்ன செய்தாள் என்றேன். ‘ரூட்’ என்றார். ரூட் என்றால் எப்படி என்றேன். ‘இன்சொலன்ட்’ என்றார். ஒரு வசவுக்கு அர்த்தம் கேட்டால் இன்னொரு வசவு வருகிறது. பொறுமை போய், அந்த நிமிஷமே ஒரு சட்டம் போட்டேன்: வேலைக்காரருக்குப் படித்துக் காட்டவேண்டியிருப்பதால் புகாரை அவருக்குத் தெரிந்த பாஷையில் எழுதித் தரவேண்டும். மேடம் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். கடைசியில் தமிழில் வந்தது ஒரே வரி: ‘ஞாயிற்றுக்கிழமை வர முடியாது என்று சொன்னாள்.’ அவ்வளவுதானா என்றேன். “சொன்ன டோன் சரியில்லைங்க” என்றார்.

அந்த ஒரு வரியைச் செயலாளரிடம் காட்டினேன். இதில் புகார் எங்கே என்று கேட்டு, கலாவை உள்ளே விடச் சொன்னார். அன்று சாயங்காலமே மேடத்திடமிருந்து மெசேஜ்: வேலை சுத்தமாகச் செய்வாள், அவளையே திரும்ப அனுப்புங்கள். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல எந்த பாஷையிலும் வார்த்தை இல்லை. கலாவைக் கூப்பிட்டு, அந்த வீட்டுக்குத் திரும்பப் போகிறாயா என்று கேட்டேன்.  அவள் சொன்னாள்:

“முடியாதுன்னு நீங்களே சொல்லிடுங்கக்கா. நீங்க சொன்னா அது ரூட் ஆகாது.”

‘ரிக்ரெட்ஸ், நாட் அவைலபிள்’ என்று நான் எழுதிப்போட்ட அதே முடியாதுக்கு மேடத்திடமிருந்து ‘வெரி புரொஃபஷனல்’ என்று ஐந்து ஸ்டார் வந்தது. அந்த ஸ்டாரை நான் ஜெனரேட்டரில் டீசலாகவா ஊற்ற முடியும்?