ஒன்பதாவது சீட்டு

மும்பை செம்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. நூர்ஜஹான் மேடம் போய்விட்டார், மாரடைப்பு, மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். வந்த ரயிலை விட்டுவிட்டேன். கை தானாகப் பர்சைத் தடவிப் பார்த்தது. அதில் ஒரு சீட்டு இருக்கிறது.

எங்கள் பல்கலைக்கழகத்தின் வியாழக்கிழமைச் சொற்பொழிவுகளுக்கு அமைச்சர், நீதிபதி, கம்பெனி முதலாளி என்று எத்தனையோ பெரிய மனிதர்களை அழைத்துவந்தவர் அவர். யாரையும் இரண்டு நிமிடத்துக்கு மேல் அறிமுகப்படுத்த விடமாட்டார். "பெரிய ஆளுன்னு அவுகளுக்கே தெரியும் சார். நாம வேற எதுக்குச் சொல்லணும்?" என்பார்.

கேள்விகளைச் சீட்டில் எழுதித் தரவேண்டும். எந்த மொழியிலும் எழுதலாம், வெளியாட்களும் எழுதலாம். வாங்கும்போதே ஒவ்வொன்றிலும் எண் போட்டு, வரிசை மாறாமல் வாசிப்பார். தாராவியில் பிறந்து உருதுப் பள்ளியில் படித்தவர். வீட்டில் திருநெல்வேலித் தமிழ் பேசினாலும் தமிழ் வாசிக்க வராது. அதனால் தமிழ்ச் சீட்டுகள் மட்டும் கூட வேலை பார்த்த என்னிடம் வரும். நான் இந்தியில் எழுதித் தருவேன்.

தாராவியை இடித்து அடுக்குமாடி கட்டி, நகரத்தையே மாற்றியமைக்கும் திட்டத்தைக் கையில் வைத்திருந்த ஒருவர் பேச வந்த நாள் அது. "சங்கடமான கேள்வி வந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மேலதிகாரி என்னிடம் காலையிலேயே சொல்லியிருந்தார். என் பதவி உயர்வுக் கோப்பு அவர் மேசையில் இருந்தது. ஒன்பதாவது சீட்டு தமிழில் வந்தது. "மாடியில் வீடு தருகிறீர்கள். எங்கள் தோல் பட்டறையை எந்த மாடியில் வைப்பது?" மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டேன். எண் போட்ட சீட்டைத் திருடிய மடையன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எட்டு முடிந்ததும் மேடம் நிறுத்தினார். மைக் ஓடிக்கொண்டிருந்தது. என் பக்கம் திரும்பி, "ஒம்பது எங்க சார்?" என்றார். நான் கையை விரித்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. என் முகத்தைப் பார்த்துவிட்டு மைக் பக்கம் திரும்பினார்.

"ஒம்பதாவது சீட்டு எழுதுனவுக எந்திரிச்சு நேராவே கேளுங்க."

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தார். "வீடு மேல போயிரும்யா. எங்க பட்டறை எங்க போகும்?" மேடம் அதை ஒரு வார்த்தை விடாமல் இந்தியில் சொன்னார். விருந்தினர் தண்ணீர் குடித்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தேநீரைத் தொடாமல் கிளம்பிவிட்டார்.

மறுவாரம் விசாரணை. முறையை மீறி நேரடியாக ஏன் கேட்கவிட்டீர்கள் என்றார்கள். "சீட்டு என் கையிலதான் தொலஞ்சிது" என்றார் மேடம். நான் எதிர் நாற்காலியில் இருந்தேன். வாயைத் திறந்தேன், கோப்பு ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டேன். அவரைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். வியாழக்கிழமையை என்னிடம் கொடுத்தார்கள். வெளியே வந்ததும், "பயம் வரத்தான் செய்யும் சார். ஆனா இனிமே யாரு சீட்டையும் எடுத்துராதிய" என்றார். எனக்கு அழுகை வந்தது, அவருக்கு வரவில்லை.

அவர் சொன்னதையும் நான் கேட்கவில்லை. நேரமில்லை என்று சாக்குச் சொல்லி, சீட்டு முறையையே நிறுத்திவிட்டேன். பதவி உயர்வும் வந்தது. அதன்பிறகும் சில வியாழக்கிழமைகளில் மேடம் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்த்தால் சிரிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவரைக் கவனமில்லாதவர் என்று இத்தனை நாள் நம்பிய நண்பர்களே, வரும் வியாழக்கிழமை அதே அரங்கில் இரங்கல் கூட்டம். அந்த மேலதிகாரி முன்வரிசையில் இருப்பார். மேடத்திடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இந்த ஒரு சீட்டுதான். கசங்கிவிட்டது, ஆனால் மூலையில் அவர் கையால் போட்ட 9 இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மேடையில் அதை வாசிக்கப் போகிறேன். எங்கே இருந்தது என்றும் சொல்லப் போகிறேன். அதை அவர் தொலைக்கவில்லை.