பஞ்சுவோட அப்பா

என் அக்கா பிரபலங்களைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி. தொப்பி, முகக்கவசம், கறுப்புக் கண்ணாடி என்று எதை மாட்டிக்கொண்டு வந்தாலும் நடையை வைத்தே சொல்லிவிடுவாள். கண்டுபிடித்த கையோடு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதுதான் எனக்கு எரிச்சல். பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டில் ஒரு பெரிய பாடகி உட்கார்ந்து வந்ததை, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொல்கிறாள்.

"ஏன்க்கா அப்பவே சொல்லல?"

"சொன்னா நீ திரும்பிப் பாப்ப. அவங்க பாவம், ஜன்னல்ல சாஞ்சு தூங்கிட்டு வந்தாங்க."

இப்படி ஒரு பிறவி.

அவள் வேலை பார்த்தது ஒரு நாய் ஆஸ்பத்திரியில். முன்கூடத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குச் சீட்டுப் போட்டு, வரிசையாக உள்ளே அனுப்ப வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதே நாற்காலி. அங்கே சீட்டு நாய், பூனையின் பேரில்தான், கூப்பிடுவதும் அப்படித்தான். ஊரையே நடுங்க வைக்கிற நீதிபதியானாலும் "ஜிமிக்கி அப்பா, வாங்க" என்றால் பூனைக்கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வர வேண்டியதுதான். அதனாலேயே பெரிய பெரிய ஆட்கள் அங்கே நிம்மதியாக வந்தார்கள். மீன்தொட்டிக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி ஒரு நாற்காலி உண்டு. அவர்களுக்கும், அழுகை வந்துவிட்டவர்களுக்கும் அக்கா அதைக் காட்டுவாள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. உள்ளே உயிர் போய்விட்டால், பிறகு அந்தப் பேரை யாரும் உரக்கச் சொல்லக் கூடாது. அக்காவே எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று, கழுத்துப் பட்டையைக் கையில் கொடுத்து, வாசல்வரை கூடப் போய்விட்டு வருவாள்.

இதையெல்லாம் கெடுக்க ஒருவன் வந்தான். பெரிய டாக்டரின் மருமகன். மாமனார் வயதாகி ஒதுங்கியதும், மேனேஜர் என்று வந்து உட்கார்ந்துகொண்டான். முதல் வேலையாக முன்கூடத்தில் மைக் வைத்தான். "இத்தனை பெரிய ஆளுங்க வர்றாங்க, சுவத்துல ஒரு போட்டோ இல்ல. என்ன ஆஸ்பத்திரி நடத்துறீங்க?" என்று அக்காவிடமே கேட்டிருக்கிறான். அவன் பேச்சை எடுத்தாலே எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது.

வருஷக்கணக்காக அங்கே வருகிறவர்களில் ஒரு சிரிப்பு நடிகரும் உண்டு. திரையில் அவர் வாயைத் திறக்கும் முன்பே சனம் சிரிக்கும். ஆஸ்பத்திரியில் அவர் பஞ்சுவோட அப்பா, அவ்வளவுதான். பஞ்சு வெள்ளை நாய். கிழடு தட்டி, கண் தெரியாமல், பின்னங்கால்களும் விழுந்துபோய், இனி வலி மட்டும்தான் என்று ஆனபோது, ஊசி போட்டு அனுப்பிவிட முடிவு செய்து அவரே தூக்கிக்கொண்டு வந்தார். முடிந்ததும் மீன்தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, பஞ்சுவைச் சுற்றி எடுத்து வந்த துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அக்கா கழுத்துப் பட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் மைக் அலறியது. மருமகன் நடிகரின் பேரைப் பட்டத்தோடு சேர்த்து, மேடைக்குக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டான். "சார், கொஞ்சம் கவுன்ட்டருக்கு வாங்க. ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

மொத்தக் கூடமும் திரும்பியது. கையில் இருந்த போன்களெல்லாம் மேலே எழுந்தன. அழுது வீங்கிய அந்த முகத்தைப் பார்த்து ஒருவன் சிரித்தே விட்டான். இன்னொருவன், படத்தில் பேசும் வசனத்தைச் சொல்லச் சொன்னான். சாவு வீட்டில் வசனம் கேட்கிற ஜென்மங்களை என்ன செய்வது? மடியில் ஆளுக்கொரு நாயை வைத்துக்கொண்டுதான் கேட்டார்கள்.

அக்கா பட்டையோடு எழுந்தாள். சுவரோரம் போய் மெயின் ஸ்விட்சை இறக்கினாள். ஜன்னல் இல்லாத கூடம் அது. இருட்டில் நாய்கள் எல்லாம் சேர்ந்து குரைக்க, ஆளாளுக்குக் கயிற்றைப் பிடித்து இழுக்க, அவள் நடிகரின் முழங்கையைப் பிடித்து, நாய்களைக் குளிப்பாட்டும் அறை வழியாகப் பின்வாசலுக்குக் கொண்டுபோனாள். பட்டையைக் கையில் வைத்தாள். அவர் போய்விட்டார்.

மறுநாள் அவள் வேலையும் போனது. ஃப்ரிட்ஜில் இருந்த தடுப்பூசி மருந்தெல்லாம் கெட்டுப்போய்விட்டதாம். அந்தக் கொஞ்ச நேரத்துக்குக் கரண்ட் போனால் எங்கள் வீட்டுப் பால்கூடக் கெடாது. மன்னிப்புக் கேட்டால் வைத்துக்கொள்கிறேன் என்றான் மருமகன். "எதுக்கு?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். பெரிய டாக்டர் வாயே திறக்கவில்லை. அந்த மனுஷனை நான் மன்னிப்பதாக இல்லை.

நடிகரிடம் சொன்னால் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும் என்று நான் மல்லுக்கு நின்றேன். மாட்டேன் என்றுவிட்டாள். இப்போது துணிக்கடை ஒன்றில், மார்பில் கடைப் பேர் போட்ட பேட்ஜைக் குத்திக்கொண்டு, நாள் முழுக்க நின்றபடி சட்டை மடிக்கிறாள். வீட்டுக்கு வரும்போது கால் வீங்கியிருக்கிறது.

போன வாரம் அவள் வேலை முடிந்து வரும் வழியில் இரண்டு பேரும் சூப்பர் மார்க்கெட்டில் சோப்பு எடுத்துக்கொண்டிருந்தோம். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. கொஞ்சம் தள்ளி, தொப்பியும் முகக்கவசமுமாக அவர்.

"விடுக்கா. நான் சொல்றேன் அவர்கிட்ட."

"வாயை மூடு. அவர் சோப்பு வாங்க வந்திருக்காரு."

"உன் பொழப்பு போனது அவரால."

"அவரால இல்ல. திரும்பு."

திரும்பினேன். உள்ளே கொதித்துக்கொண்டே சோப்புப் பெட்டிகளின் பின்னால் எழுதியிருந்ததையெல்லாம் படித்தேன்.

ஆனால் அவரே வந்தார். "நீங்க... அன்னிக்குப் பட்டையைக் கையில குடுத்தவங்கதானே?" என்றார். அக்கா தலையாட்டினாள். கையில் இருந்த பையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்; பேட்ஜ் மறைந்தது.

"உங்களுக்கு நன்றிகூடச் சொல்லல. வீட்ல ஒரு குட்டி வந்திருக்கு. அங்கதான் கொண்டு வரலாம்னு இருக்கேன். நீங்க இருப்பீங்கல்ல?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை நன்றாக மிதித்தாள்.

"அங்க வேணாம் சார். வேற இடம் பாருங்க."

"ஏம்மா?"

"இப்பல்லாம் அங்க ஆளோட பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க."

அவர் புரியாமல் நின்றார். அக்கா அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். நானும் சொல்லவில்லை, கால் அவள் காலுக்கடியில் இருந்தது.

"குடுக்கா, கனமா இருக்கும்" என்று பையை மட்டும் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அவர் பேட்ஜைப் படித்தார்.