கம்பனிப் புத்தகத்தில் இல்லாத வான்

திறப்பைப் போட்டுத் திருப்பியதும் காரின் முன்பலகையில் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து அணையும். ரொறன்ரோவில் இதை யாரும் கவனிப்பதில்லை. நான் எண்ணுகிறேன். எரிந்த ஏழும் அணையும்வரை மகனைப் புறப்பட விடுவதில்லை. ஊருக்குப் போய்வந்த பிறகுதான் இந்தப் பழக்கம்.

மாசியில் போயிருந்தேன். பருத்தித்துறையிலிருந்து கரவெட்டிக்குத் தங்கையின் மகன் குகன் தன் வான் வண்டியில் ஏற்றிப்போனான். ஜப்பானில் ஓடிப் பழசாகி வந்த வான். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவது. மாரி மழையில் மதகில் மோதி முன்பக்கம் நசுங்கியதாம். இப்போது புதிதுபோல் மினுங்கியது. ஆனால் மீற்றருக்குப் பக்கத்தில் நகமளவு கறுப்பு ஒட்டுத்துண்டு. சுரண்டினேன். அடியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"மோதினா விரியிற காற்றுப்பையின்ரை விளக்கு, மாமா. அடிபட்ட நேரம் பை வெடிச்சது. வேறை போட்டாச்சு, விளக்குத்தான் நூராமல் எரிஞ்சுகொண்டிருக்கு. தாய்மார் பாத்துப் பயப்பிடினம் எண்டு வானைத் திருத்தின கராஜ் பாஸ் ஒட்டிவிட்டவர்."

கராஜுக்குப் போய்க் கேட்டேன். பாஸ் எதையும் மறைக்கவில்லை. "பை மாத்தத் தெரியும் ஐயா. மோதினாப் பிறகு வேறை என்னென்ன மாத்தோணும், எப்பிடிச் சோதிக்கோணும் எண்டது வான் செய்த கம்பனிப் புத்தகத்திலை கிடக்கு. அதை எங்களுக்கு ஆர் தாறான்?"

சோதிக்காமல் போட்ட அந்தப் பை தேவைப்படும்போது விரியாமல் போகலாம், தேவையில்லாமலும் வெடிக்கலாம். என் மகனுக்கு ரொறன்ரோவில் மோதிய கார்களைத் திருத்தும் வேலை. அங்கே கம்பனியின் அறிவுறுத்தல் திரையில் திறக்கும்வரை ஒருவனும் சுத்தியலைத் தொடமாட்டான். அதைச் சோம்பல் என்று நினைத்தவன் நான். அந்த அறிவுறுத்தலை எடுத்துத் தரச் சொல்லி, வானின் அடிச்சட்டத்தில் பொறித்த செசி இலக்கத்தை அவனுக்கு அனுப்பினேன்.

"அப்பா, இது கனடாவுக்குச் செய்த வான் இல்லை. அப்பிடி ஒரு வாகனமே இல்லை எண்டு காட்டுது." அவனுடைய முதலாளி, வெள்ளைக்காரர், விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாமே என்று அன்பாகச் சொன்னாராம். கம்பனியின் கொழும்பு முகவர் தாங்கள் விற்றதற்கு மட்டும்தான் பொறுப்பு என்றார். கம்பனியின் ஜப்பான் இணையப் பக்கம், உள்ளே விட அந்த நாட்டு முகவரி கேட்டது.

"முன்சீற்றில் பிள்ளைகளை ஏற்றாதே" என்றேன் குகனிடம்.

"அப்ப முன்னுக்கு இருக்கிற ரெண்டு பிள்ளையளையும் றோட்டிலை விட்டிட்டுப் போறதோ? நீங்கள் வாற கிழமை பிளேன் ஏறிடுவியள், மாமா."

மிஞ்சிய காலைகளில் முன்சீற்றில் நானே ஏறினேன். அந்த இரண்டு பிள்ளைகளும் பின்னால் நெருக்கிக்கொண்டார்கள்.

"இந்த அப்பு ஏன் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் வாறார்? பெயிலோ?" என்றாள் ஒரு சிறுமி. வான் முழுக்கச் சிரித்தது. நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புறப்பட்ட நாளன்று அவர்கள் இருவரும் மீண்டும் முன்சீற்றில் ஏறிக் கை காட்டினார்கள். கறுப்புத் துண்டு புதிதாக ஒட்டப்பட்டிருந்தது.

இங்கே நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கும்போது அங்கே விடிந்து வான் புறப்படும். மேசைக்குக் கீழே என் வலது கால் பிரேக்கை மிதிப்பதுபோல் தரையை அழுத்தி மிதிக்கிறது.

"கால் நோகுதோ அப்பா?" என்று மகன் கேட்கிறான்.

ஓம் என்கிறேன்.