எத்தனை படி

அந்தக் கிணற்றின் பத்தாம் படி ஈரமாக இருந்தது. அன்று விடியும்வரை தண்ணீருக்குள் கிடந்த கல்லுக்கு மட்டுமே வரும் கரும்பச்சை. அதற்குக் கீழே பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. எல்லாம் வெளியே தெரிந்தன. எனக்குப் பதினோரு வயது. பார்த்தேன். எண்ணினேன். எண்ணியதை இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

மதினி கட்டுமாவடியில் பிறந்து, ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊருக்கு வாழ வந்தவள். கல்யாணமான மூன்றாம் மாதம் அண்ணன் துபாய்க்குப் போய்விட்டான். அந்தச் சித்திரையில் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஊருணியோ குடிதண்ணீர், அதில் கால் படக்கூடாது. கடலில் நீந்தி வளர்ந்த உடம்புக்கு எங்கள் வீட்டு ஒரு வாளித் தண்ணீர் எந்த மூலைக்கு? “ஒங்க ஊருல ஒரு பொம்பள முங்கி எந்திரிக்க எடமே இல்லையா? எருமைக்குக்கூட ஒரு குட்டை இருக்கு!” என்று அலைந்தவள், கடைசியில் பெரியப்பா தோட்டத்துப் பம்புசெட்டுக் கிணற்றைப் பிடித்தாள். ஆண்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் உச்சி வெயிலில், அம்மாவுக்குத் தெரியாமல் என்னையும் இழுத்துக்கொண்டு ஓடுவாள். முதுகில் காலி மண்ணெண்ணெய் டின்னைக் கட்டி எனக்கு நீச்சல் பழக்கினாள்.

எங்கள் கிணறுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. குதிக்கிறவர் நிற்கும் மேட்டிலிருந்து படிகள் தெரியாது. அதனால் முதலில் படியிறங்கியவர்தான் வெளியே இருக்கும் படிகளை எண்ணிச் சொல்ல வேண்டும். மேலிருந்து “எத்தனை படி?” என்று கேட்பார்கள். ஒன்பதுவரை குதிக்கலாம். அதைத் தாண்டினால் கூடாது. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைத் திட்டு மேலே வந்துவிடும். மும்முனை மின்சாரம் எந்நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் மோட்டார் ஓடும், கிணறு இறங்கும். கடல் உள்வாங்கினால் தானாகத் திரும்பி வரும். கிணறு அப்படியில்லை, சொட்டுச் சொட்டாக ஊற வேண்டும். மதினிக்கு இந்தக் கணக்கெல்லாம் பிடிபடவில்லை. என் எண்ணிக்கையை நம்பித்தான் குதித்தாள்.

நான் பதின்மூன்று படி எண்ணியதற்கு முந்தின நாள், பெரியப்பா மகள்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, என் முதுகிலிருந்த டின்னை அவிழ்த்துவிட்டாள். “தவளக்குஞ்சு டின்னக் கட்டிக்கிட்டா நீந்துது? அடிடீ கைய!” நான் முங்கினேன், குடித்தேன், மூக்கில் ஒழுக அழுதேன். அவர்கள் சிரித்தார்கள். மதினியும் சிரித்தாள்.

மறுநாள் விடிகாலையில் மோட்டார் ஓடும் சத்தம் வீடுவரை கேட்டது. கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

“எத்தனை படிடீ?” மத்தியானம் மேட்டிலிருந்து மதினி கேட்டாள். அவள் நிழல் மட்டும் எதிர்ச் சுவரில் ஆடியது.

“ஒம்பது.”

“நல்லா எண்ணுனியா? அப்பறம் ஒங்கண்ணனுக்கு யாரு பதில் சொல்றது?”

“ஒம்பதுதான் மதினி.”

அவளும் ஒருமுறை அழட்டும் என்றுதான் நினைத்தேன். பாறை ஞாபகமில்லை என்று எழுதலாம். எழுதினால் அது இரண்டாவது பொய்.

விழுந்த சத்தம் குட்டையாக இருந்தது. பிறகு கிணறு முழுக்க ஒன்றுமில்லை. வட்டங்கள் சுவரில் மோதித் திரும்பி வரும்வரை நான் நின்ற இடத்திலேயே நின்றேன். தலை மேலே வந்தது. மோட்டார்க் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு “ஆத்தா” என்றாள், ஒரே ஒரு தடவை. நான் கத்திக்கொண்டு தோட்டத்துக்குள் ஓடினேன்.

நாட்டு வைத்தியர் மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். இடது முழங்கால் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. “படியில வழுக்கிட்டேன் அத்தை,” என்று மதினி அம்மாவிடம் சொன்னாள். “கடக்கரைக்காரிக்குக் கெணத்துல என்ன வேலை?” என்று ஊர் பேசியது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. தெரிந்து திரும்பவில்லையா, தெரியாமலா? அந்தக் கேள்வியோடுதான் நான் பள்ளிக்கூடம் போனேன், கல்யாணம் பண்ணினேன், தலை நரைத்தேன்.

இந்த வருடம் கத்திரி வெயிலில் ஊருக்குப் போயிருந்தபோது மதினியே கூப்பிட்டாள். “எங்கிட்டாச்சும் போயி முங்குவோம் வா. ஒடம்பு கொதிக்குது.” மடங்காத காலை நீட்டி என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். பெரியப்பா கிணற்றைத் தூர்த்துத் தென்னை வைத்துவிட்டார்கள். குவாரிப் பள்ளத்தைச் சுற்றி முள்வேலி. கடைசியில் தைல மரக்காட்டுக்கு அங்கிட்டு, கோடை மழை தேங்கிய ஒரு தடுப்பணை. செம்மண் கரைந்த தண்ணீர். அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியவில்லை.

நான் முதலில் இறங்கினேன். மதினி கரையில் கம்பை ஊன்றி, சேலையைச் செருகிக்கொண்டு நின்றாள்.

“எவ்வளவு இருக்கு?”

வாயில் ஒரு எண் தயாராக வந்து நின்றது.

“இந்தத் தடவ பாத்துச் சொல்லு,” என்றாள். குரலில் கோபமில்லை. சிரிப்பும் இல்லை.

அவளை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. வலது காலால் தடவினேன், இடது காலால் தடவினேன். சேறு, வேர், மறுபடி சேறு. ஒரு கல் தட்டுப்பட்டது. குனிந்து, முகம்வரை தண்ணீருக்குள் போய், அதன் விளிம்பைக் கையால் அளந்தேன்.

“இடுப்பளவு, மதினி. இங்கன ஒரு கல்லு கெடக்கு. எறங்கிறாதீங்க, இருங்க… இன்னும் பாக்குறேன்.”