பக்கத்துத் தண்டவாளம்

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே தண்டவாளம் பராமரிக்கும் கேங்கில் நான் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஐந்து பேர். நான்கு பேர் ஜல்லி கிளறுவார்கள். ஒருவர் விசிலும் கொடியுமாக வண்டி வருகிறதா என்று பார்த்து நிற்க வேண்டும். அன்று காலை அந்த ஆள் நான்.

எண்ணூர்ப் பக்கமிருந்து நிலக்கரி கூட்ஸ் வந்தது. ஊதினேன். வண்டி வந்தால் எல்லாத் தண்டவாளங்களையும் விட்டு ஓரத்துக்குப் போய்விட வேண்டும். மூன்று பேர் போனார்கள். எங்களில் மூத்தவர் மட்டும் பக்கத்துத் தண்டவாளத்துக்குத் தள்ளி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓரமெல்லாம் சாக்கடைத் தண்ணீர், கருவேல முள். நாங்கள் எல்லோருமே ஒரு சமயம் அப்படி நின்றவர்கள்தான். "அண்ணாத்த, ஓரமா வா" என்று கூப்பிட வாயெடுத்தேன். இருபது வருடம் இந்த வேலையில் இருப்பவருக்கு நான் என்ன சொல்வது என்று கூச்சமாகிவிட்டது. பேசாமல் நின்றேன்.

கூட்ஸ் கடந்து முடிவதற்குள் அவர் முதுகுப் பக்கம் கும்மிடிப்பூண்டி போகும் எலக்ட்ரிக் டிரெயின் வந்துவிட்டது. ஊதினேன், கத்தினேன். அந்த இரைச்சலில் என் விசில் எனக்கே கேட்கவில்லை. டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்த பிறகுதான் திரும்பினார், தாவினார். உயிர் தப்பியது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

விசாரணைக்கு அதிகாரி ஆஸ்பத்திரிக்கே வந்தார். கட்டிலருகில் நின்ற என்னிடம், "ஓரமா வரச் சொன்னியாப்பா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கட்டிலில் இருந்தவர் முந்திக்கொண்டார்.

"சொன்னான் சார். ரெண்டு வாட்டி சொன்னான். நான்தான் கேக்கல."

அதிகாரி என்னைப் பார்த்தார். ஆமென்று தலையாட்டினேன்.

மூத்தவருக்குப் பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்தது. ஆறேழு மாதம் கழித்துத்தான் வியாசர்பாடியில் அவர் வீட்டுப் படியேற எனக்குத் தைரியம் வந்தது. அவர் மனைவி உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டேன்.

"ஏண்ணாத்த அப்டி சொன்ன?"

"உன் வேல போயிட்டா என் காலு மொளச்சிடுமா? வுடு நைனா."

டீயோடு வந்த அண்ணி அவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இந்தப் புள்ள தொண்ட கிழியக் கத்திக்கீது. ஒரு வார்த்த கேட்டிருந்தா இன்னா கொறஞ்சிபோயிருப்ப?"

அவர் சிரித்தார். நான் டம்ளரை வாங்கிக்கொண்டேன். இன்றும் போகும்போதெல்லாம் அண்ணி அதையே சொல்லி அவரைத் திட்டுகிறார். இல்லை அண்ணி என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.