எழவக்கா வாங்கிய கையெழுத்துகள்

வெள்ள நிவாரண அலுவலகத்தில் அவளுக்கு மேசை நாற்காலி எல்லாம் உண்டு. ஆனால் அவள் உருப்படியாக வேலை பார்த்ததெல்லாம் சாவு வீடுகளில்தான். அதனால் ஊரே அவளுக்கு எழவக்கா என்று பேர் வைத்திருந்தது. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். முதுகைக் காட்டினால் அதுதான் பேர்.

காரணம் இதுதான். இடிந்த வீடு யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் நிவாரணம். இங்கே பாதி வீடுகள் எப்போதோ செத்துப்போன அப்பன், பாட்டன் பேரிலேயே கிடக்கின்றன. குடியிருப்பவருக்குப் பணம் வரவேண்டுமானால், மற்ற வாரிசுகள் அத்தனை பேரும் அவள் முன்னால் ஆட்சேபணை இல்லையென்று கையெழுத்துப் போடவேண்டும். ஒரு வயிற்றில் பிறந்ததுகள் எப்போது ஒன்றாகக் கூடும்? எழவு விழுந்தால்தான். எனவே அவளும் பையை மாட்டிக்கொண்டு அங்கேயே போய் நின்றாள். பிணத்தை எடுப்பதற்குள் பங்கு பேசும் வாய்களைக் கேட்டுக் கேட்டு, சொந்தம் என்ற சொல்லே அவளுக்குக் குமட்டியது. சொந்த அண்ணன் போன் செய்தாலும், "என்ன வேணும் உனக்கு?" என்றுதான் எடுப்பாள்.

கடைசியாக ஒரு தையல்காரியின் வீடு வந்தது. கூரை போய், தார்ப்பாய்க்கு அடியில் மெஷினும் படுத்த படுக்கையான அம்மாவும். வீடு செத்துப்போன அப்பா பேரில். இரண்டு அண்ணன்கள், ஒரு அக்கா, மூவரும் வெவ்வேறு ஊர். மாதக் கடைசியோடு மனு வாங்குவது நின்றுவிடும், அடுத்த மழையும் கிட்டத்தில் இருந்தது.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தே எழவக்கா போன் போட்டாள். அக்காக்காரி வீட்டுக்காரரைக் கேட்கணும் என்றாள். சின்னவன் தனக்கு எவ்வளவு தேறும் என்று கேட்டான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்! பெரியவனுக்கு மூச்சுவிட நேரமில்லையாம். ஆனாலும் பெரிய மனசு பண்ணி ஒரு வழி சொன்னான்.

"அம்மா ரொம்ப நாள் தாங்காதுன்னு சொல்றாங்களே. அப்ப எப்படியும் எல்லாரும் வருவோம். ஒரே தடவையா போட்டுடறோம், மேடம்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. எழவக்காவுக்கு அந்தப் போனிலேயே காறித் துப்பவேண்டும் போலிருந்தது. தையல்காரி தலையைக் குனிந்துகொண்டு மெஷினில் நூல் கோத்தாள். அம்மாதான் பேசினாள்.

"அப்ப நான் போயிட்டேன்னு சொல்லிடும்மா."

தையல்காரி அழுதாள், கூடாது என்றாள். அம்மா பிடித்த பிடியை விடவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளாக ஒரு பொய்யும் எழுதாதவள் எழவக்கா. இது எழுத்தில் இல்லையே, வாயால்தானே என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு, அம்மா போய்விட்டாள் என்று அன்று மூன்று பேருக்கும் மணிமணியாகச் சொன்னாள்.

மறுநாள் மதியத்துக்குள் மூன்று கார்கள். நேரமில்லாதவர்களுக்கு எங்கிருந்து நேரம் வந்ததோ! அக்காக்காரி தெருமுனையிலேயே ஒப்பாரியை ஆரம்பித்திருந்தாள். உள்ளே வந்தால், அம்மா தலையணையில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். ஒப்பாரி பாதியில் நின்றது.

அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நல்லவேளை, உயிரோடு இருக்கியே என்று ஒரு வாய், ஒரே ஒரு வாய் சொல்லாதா என்று எழவக்காவும் காத்திருந்தாள். பெரியவன் கையில் மலர்வளையத்தோடு எரிச்சலாக நின்றான்.

"இதுக்கா லீவு போட்டுட்டு ஓடி வந்தேன்?"

சீ, இவனெல்லாம் ஒரு பிள்ளை!

வாசலில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. அந்த வெட்கத்துக்குப் பயந்துதான் மூவரும் கையெழுத்துப் போட்டார்கள், பாசத்தில் இல்லை. எழவக்கா பேனாவைத் திரும்ப வாங்கும்போது அவர்கள் விரல் தன்மேல் படாமல் பார்த்துக்கொண்டாள். கூரை வந்துவிடும். அதில் சந்தேகமில்லை. ஆனால் அவளுக்குச் சந்தோஷமே வரவில்லை.

பெரியவன் கிளம்பும்போது அம்மா கூப்பிட்டாள்.

"அந்தப் பூவை வெச்சுட்டுப் போப்பா. நெஜமா போற அன்னிக்கு நீ இன்னொரு தடவை அலைய வேணாம்."

மறுக்கப்போகிறான், குறைந்தது தலையையாவது குனியப்போகிறான் என்றுதான் எழவக்கா நினைத்தாள். அவன் மலர்வளையத்தைக் கட்டில் காலடியில் சாத்திவைத்துவிட்டு, "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.