முடிந்த படம்

"முதல்ல மவுஸ் மேலேருந்து கைய எடுங்க!" வெண்டல் ஹௌகன் போனில் அதட்டிக்கொண்டிருக்கிறார். மறுமுனையில் தேவாலயப் பாடகர் குழுவின் தலைவி. "புதுசுன்னு காட்டினா உடனே அமுக்கிடறதா? கையில வேலை இருக்கறப்ப கம்ப்யூட்டரை அப்டேட் பண்ணவே கூடாது. முடிச்சிட்டுத் தொடுங்க." டுலூத் நகரத்தில் வீடியோ வெட்டி ஒட்டத் தெரிந்த எல்லாருக்கும் இந்த அதட்டல் கிடைத்திருக்கிறது. யோசனை கேட்காதவர்களுக்கும்தான்.

வெண்டல் அஞ்சலிப் படம் செய்கிறவர். இறந்தவரின் வீடியோக்களை வாங்கி, சுருக்கி, அஞ்சலிக் கூட்டத்தில் திரையிடுவார். இருமல், திக்கல், கொட்டாவி எதுவும் அவர் கத்தரிக்குத் தப்பாது. "நான் போனா என் படத்துல 'குட் மார்னிங்' மட்டும்தான் மிஞ்சும்" என்பாள் மனைவி லவான்.

சென்ற வாரம் ஆர்விட் நீமியின் படம். இரும்புத்தாதுக் கப்பலில் ஆயுசைக் கழித்தவர். சனிக்கிழமை காலை அஞ்சலிக் கூட்டம். மூன்று வாரம் வெட்டி, வியாழன் மதியம் வெண்டல் நாற்காலியில் சாய்ந்து "முடிஞ்சாச்சு" என்றார். படத்தைத் தனி ஃபைலாக வெளியே எடுப்பதுதான் பாக்கி. அதை அவர் ஒரு வேலையாகவே மதிப்பதில்லை. புது சிஸ்டத்தில் அது வேகமாக நடக்கும் என்று எங்கோ படித்திருந்தார். அப்டேட்டை அமுக்கினார். ஆபத்துக்கென்று வைத்திருந்த இரண்டாவது கம்ப்யூட்டரையும் கையோடு அப்டேட் செய்தார். "ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தானே ஒத்துப் போகும்?"

ஒத்துத்தான் போயின. இரண்டிலும் எடிட்டிங் மென்பொருள் ஒரே மாதிரி திறந்து, ஒரே மாதிரி தயங்கி, ஒரே மாதிரி மூடிக்கொண்டது. பழைய சிஸ்டத்துக்குத் திரும்பப் பார்த்ததில் ஒன்று அடியோடு படுத்துவிட்டது. மென்பொருள் கம்பெனிக்கு உதவி கேட்டுப் போன் செய்தால், எடுத்த பெண் பதமாகச் சொன்னாள்: "வேலை இருக்கறப்ப அப்டேட் பண்ணியிருக்கக் கூடாது சார்."

வெள்ளிக்கிழமை ஆர்விட்டின் மனைவி எல்சி வந்தாள், எண்பதைத் தாண்டியவள், கையில் ஒரு தட்டு எலுமிச்சை கேக்கோடு. படத்தை முதலில் அவளுக்குத்தான் காட்டுவதாகப் பேச்சு.

"என் தப்புதான், எல்சி. வெட்டி ஒட்டின படம் திறக்கவே மாட்டேங்குது. நீங்க கேமராவில எடுத்தது மட்டும் அப்படியே இருக்கு."

"அதைப் போடேன்."

எல்சி கொடுத்திருந்த கேமராவை டிவியில் இணைத்தார். சமையலறை மேசை. ஆர்விட் ஒரு புயல் கதையை ஆரம்பித்தார், மறந்தார், இருமினார், ஜன்னலைப் பார்த்தார். "எல்சி, இது ஓடுதா? காபி இருக்கா?"

"ஓடுது, பேசுங்க" என்றது கேமராவுக்குப் பின்னாலிருந்து எல்சியின் குரல்.

மறுபடி ஜன்னல். வெண்டல் நெளிந்தார். இதையெல்லாம்தான் முதல் நாளே வெட்டி எறிந்திருந்தார்.

எல்சி கண்ணைத் துடைத்தாள். "நாளைக்கும் இதையே போடு."

"இவ்வளவு நேரமா அவர் ஒண்ணுமே சொல்லலையே!"

"அறுபது வருஷமா எங்கிட்டயும் அப்படித்தான்."

திரையில் ஆர்விட் மறுபடி இருமத் தொடங்கினார், நீளமாக, நிறுத்தாமல். வெண்டலின் வலது கை தானாக ரிமோட்டை நோக்கி நகர்ந்தது. பாதி வழியில் அதை இழுத்து, தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.